கோடியில் ஒரு கிருமி

கைபேசியைச் சமையலறை மேசையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைக்க வேண்டும். முகம் முழுதாகத் தெரிய வேண்டும். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் காட்டி, நாக்கில் வைத்து, தண்ணீர் விட்டு விழுங்கி, கடைசியாக வாயை அகலத் திறந்து காட்ட வேண்டும். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. லண்டனில் காசநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களில் சிலருக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது. வீடியோ போய்ச் சேரும் இடத்தில் ஒருவர் அதைத் திறந்து பார்த்து, இன்றைய மருந்து உள்ளே போயிற்று என்று குறித்துக்கொள்வார்.

வளர்ந்த மனிதர் மாத்திரை விழுங்குவதை இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பதா? கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். அந்த இடத்தில் தானே இருந்தால் கோபமும் வரும். ஆனால் அந்த வீடியோவுக்குப் பின்னால் எழுபது, எண்பது வருஷ ஆராய்ச்சி நிற்கிறது. அதன் முதல் பாதி லண்டனில் நடந்தது. முக்கியமான மறுபாதி நடந்தது சென்னை சேத்துப்பட்டில்.

பூனை உட்கார்ந்திருக்கும் மேடு

வடக்கு லண்டனில், நார்தர்ன் லைன் ரயிலில், ஆர்ச்வே. நம்மவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஆர்ச்வே ரோட்டில் இருக்கும் ஹைகேட் ஹில் முருகன் கோவில். 43-ஆம் நம்பர் பஸ் பிடித்தால் கோவில் பக்கம் போகலாம். பஸ் ஏறாமல் ஹைகேட் ஹில் ஏற்றத்தில் நடந்தால், நடைபாதை ஓரத்தில் கம்பிக் கூண்டுக்குள் ஒரு கல்பூனை உட்கார்ந்திருக்கும். லண்டன் மேயராக இருந்த டிக் விட்டிங்டனோடு கதையில் சேர்ந்துவிட்ட பூனை அது. பக்கத்திலேயே அவர் பெயரில் விட்டிங்டன் மருத்துவமனை. வட-மத்திய லண்டனின் காசநோய்ச் சிகிச்சை நடக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த மேட்டுக்குத் தொற்றுநோய் புதிதல்ல. கிங்ஸ் கிராஸில் ரயில் நிலையம் கட்ட இடம் வேண்டும் என்று, அங்கே இருந்த பெரியம்மை மருத்துவமனையை 1850 வாக்கில் இங்கே மாற்றினார்கள். ஊருக்கு வெளியே, மேட்டில், காற்றோட்டமான இடம். அம்மை கண்டவர்களை ஒதுக்கிவைக்க வசதி. அந்தப் பழைய கட்டடம் இன்றும் மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. அம்மைத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னரின் பெயர்தான் அதற்கு.

ஜென்னருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அம்மைக்கு ஒரு தடுப்பூசி போதுமாக இருந்தது. அதைக் கொண்டே உலகத்தை விட்டு அந்த நோயை விரட்டிவிட்டதாக 1980-ல் அறிவித்தார்கள். காசநோயிடம் அந்தக் கணக்கு செல்லவில்லை. 2023-ல் மட்டும் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு அது வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். இங்கிலாந்திலும் 2024-ல் சுமார் 5,500 பேருக்குக் கண்டுபிடித்தார்கள். நாட்டிலேயே விகிதம் அதிகமான பகுதி லண்டன். மருந்து இல்லாமலா இத்தனையும்? மருந்து வந்து எண்பது வருஷம் ஆகிறது. ஒரு மருந்து போதாது என்பதுதான் காசநோய் முதலில் கற்றுக்கொடுத்த பாடம்.

காப்பாற்றிய மருந்து காலை வாரிய கதை

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். பென்சிலினுக்கு மசியாத காசக்கிருமி இதற்கு மசிந்தது. போரில் கஜானா காலியான பிரிட்டனுக்கு டாலர் கொடுத்து வாங்க முடிந்தது கொஞ்சம் மருந்துதான். எல்லோருக்கும் காணாது. யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது?

அங்கேதான் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வந்தார். லண்டன் புள்ளியியல் பேராசிரியர்; முதல் உலகப்போர்க் காலத்தில் தானே காசநோயில் விழுந்து எழுந்தவர். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை என்ற குறையையே அவர் ஆய்வுக்கு வசதியாக்கிக்கொண்டார். 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்று மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போட்டதுபோல, ஒட்டிய உறைக்குள் இருந்த குறிப்பு தீர்மானித்தது. இன்று உலகத்தில் எந்த மருந்தையும் சோதிக்கிற முறைக்கு இதுதான் முன்மாதிரி.

1948-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர் இறந்திருந்தார்கள்; ஊசி போட்டவர்களில் 4 பேர். வெற்றி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் அதே நோயாளிகளை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, ஓய்வுக் கூட்டத்தில் 35 பேர் போயிருந்தார்கள். ஊசிக் கூட்டத்தில் 32 பேர். மருந்து கொடுத்த முன்னிலை ஏறக்குறையக் கரைந்துவிட்டது.

நடந்தது என்ன என்று சளியைப் பரிசோதித்தவர்களுக்குத் தெரிந்தது. முதல் ஓரிரு மாதம் நோயாளி தேறுவார். இருமல் குறையும், எடை கூடும். பிறகு காய்ச்சல் திரும்பும். இப்போது அவர் சளியில் இருக்கும் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு கணக்கு

இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். முற்றிய காசநோயில் நுரையீரலில் குழி விழும். அப்படிப்பட்ட ஒரு குழிக்குள் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். கிருமி ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் தன் மரபணுவைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் எப்போதாவது ஒரு எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகுகளால் கிருமிக்கு லாபமில்லை. மிக அபூர்வமாக, ஒரு பிசகு சரியாக மருந்து வந்து ஒட்டும் இடத்தில் விழுகிறது. சாவி அதே சாவி. பூட்டின் உள்நாக்கு மட்டும் ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. இனி அந்தச் சாவி திறக்காது.

எத்தனைக்கு ஒன்று? மருந்துக்கு மருந்து மாறும். பத்து லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று, பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். பத்துக் கோடிக் கிருமி உள்ள குழியில், முதல் ஊசி போடுவதற்கு முன்பே, அந்த மருந்துக்கு அசையாத கிருமிகள் சுமார் நூறு இருக்கும். மருந்து அவற்றை உண்டாக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கொன்று, அவற்றுக்கு இடம் காலிசெய்து கொடுத்தது. களை எடுக்கப் போனவன் பயிரைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் பாய்ச்சிய மாதிரி.

மருந்து வருவதற்கு முன்பே எதிர்ப்பு இருந்தது என்பதற்கு நார்தர்ன் லைனிலேயே சாட்சி இருக்கிறது. ஆர்ச்வே ஒரு கிளையில். இன்னொரு கிளையில் காலின்டேல். அங்கே 1920-ல் தொடங்கிய கிருமிக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் முதல் எண் கொண்ட கிருமி, 1915-ல் பிரான்ஸில் சீதபேதியால் இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் உடலிலிருந்து வந்தது. நூறு வருஷம் கழித்து அதை எழுப்பி, மரபணுவை வாசித்து, மருந்து வைத்துப் பார்த்தார்கள். பென்சிலினுக்கு அது அசையவில்லை. ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928-ல். பதின்மூன்று வருஷம் முந்தியே பூட்டு மாறியிருந்தது.

இப்போது கணக்கின் அடுத்த வரி. இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால்? முதல் மருந்துக்குத் தப்பும் கிருமி பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டாவதற்குத் தப்புவது பத்துக் கோடியில் ஒன்று என்றால், இரண்டுக்கும் சேர்த்துத் தப்பும் கிருமி இரண்டையும் பெருக்கிய எண்ணில் ஒன்று. பெருக்கினால் வருவது கோடியைக் கோடியால் பெருக்கிய எண். அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. நுரையீரலில் இடமில்லாத எண் ஒன்றைக் காட்டிக் கிருமியை மடக்குவதுதான் கூட்டு மருந்துச் சிகிச்சை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நாம் சொல்வதைத்தான் இந்தக் கணக்கும் சொல்கிறது.

ஸ்வீடனில் யோர்கன் லேமான் உருவாக்கிய பாஸ் என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்புக் கிருமிகள் சட்டென்று குறைந்தன. 1952-ல் விலை மலிவான ஐசோனியாசிட் வந்தது. கணக்கு தாளில் சரியாகிவிட்டது. தாளில் மட்டும்.

சேத்துப்பட்டுப் பாடம்

'சானடோரியம்' என்றால் சென்னைக்காரர்களுக்குத் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம். அந்தப் பெயர் வந்தது 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே திறந்த காசநோய் இல்லத்தால். அதற்கு முன் அவர் இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் இப்படி ஓர் இல்லம் நடத்தினார். 1917-ல் அங்கே நோயாளியாகப் போய்ப் படுத்தவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். குளிர்ந்த காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு: அந்தக் காலத்துச் சிகிச்சை அவ்வளவுதான். மருந்து வந்த பிறகும், நோயாளியை வருஷக்கணக்கில் இல்லத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றே மருத்துவ உலகம் நம்பியது. ஆனால் இந்தியாவில் இருந்த படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு உறைபோடக் காணாது.

வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியுமா? இதைச் சோதிக்க 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்கள், உலக சுகாதார நிறுவனம், சென்னை அரசு ஆகிய நான்கு பேரும் சேர்ந்து. லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்க வந்தார். சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து 193 நோயாளிகள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்தில். மறுபாதிப் பேர் தங்கள் சொந்த வீட்டில், நெரிசலில், அரைகுறைச் சாப்பாட்டில். இரு கூட்டத்துக்கும் அதே ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருஷம்.

1959-ல் வெளியான முடிவு காசநோய் மருத்துவத்தையே புரட்டிப்போட்டது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். இல்லத்துக் காற்றும் பாலும் முட்டையும் சேர்ந்து கொடுத்த உபரி அவ்வளவுதான். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. இன்று லண்டனில் காசநோய் என்று தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மருந்து எடுக்கிறாரே, அந்தச் சுதந்திரத்தின் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

அந்த வெற்றிக்குள் ஒரு முள்ளும் இருந்தது. பாஸ் கசப்பு மருந்து, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இருமல் நின்ற மனிதருக்கு அதை எடுக்க ஏன் மனம் வரும்? சேத்துப்பட்டுப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் சோதனையில் நிறம் மாறும். மாறாத சிறுநீர்கள் ஒரு உண்மையைச் சொல்லின: நல்லவர், கெட்டவர், படித்தவர், படிக்காதவர் என்றில்லை. மாதக்கணக்கில் ஒழுங்காக மருந்து எடுப்பது யாருக்கும் எளிதல்ல.

இதில்தான் கணக்கு கவிழ்கிறது. கசப்பு மருந்தை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் விழுங்குகிறவர், தனக்குத் தெரியாமலே ஒற்றை மருந்துச் சிகிச்சைக்குப் போய்விடுகிறார். கோடிக் கோடி மறுபடி கோடியாகச் சுருங்குகிறது. அடுத்த சில வருஷங்களில் சேத்துப்பட்டு இதற்கும் ஒரு வழி கண்டது. வாரம் இரண்டே முறை, மையத்துக்கு வரவழைத்து, கண்முன்னால் கொடுத்தால், தினமும் வீட்டில் எடுப்பதற்குக் குறையாமல் பலன் தந்தது. பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய, கண்முன் மருந்து கொடுக்கும் முறைக்கு அடித்தளம் அதுவே. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தூங்கும் கிருமி

சரி, ஏன் மாதக்கணக்கு? தொண்டை வலிக்கு ஐந்து நாள் மருந்து போதுமே.

காசக்கிருமி நிதானக்காரக் கிருமி. குடலில் வாழும் ஈகோலை வசதி இருந்தால் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். காசக்கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். மெழுகு பூசிய தடித்த தோல். பெரும்பாலான மருந்துகள் வேலை செய்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் அடிக்கும். சுவர் கட்டும்போது, புரதம் செய்யும்போது குறுக்கே விழுந்து கெடுக்கும். தூங்குகிற கிருமியிடம் கெடுக்க வேலையே இல்லை.

சேத்துப்பட்டு ஆய்வுகளின் நுண்ணுயிரியல் மூளையாக இருந்தவர் லண்டனின் டென்னி மிச்சிசன். (இந்தியக் குடியுரிமை வாங்கிப் புவனேஸ்வரத்தில் உயிர்விட்ட விஞ்ஞானி ஹால்டேன் இவருக்குத் தாய்மாமன்.) ஒரே நோயாளிக்குள் பல கூட்டங்கள் இருக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டினார். மும்முரமாகப் பெருகும் கூட்டத்தை ஐசோனியாசிட் சில நாளில் வெட்டிச் சாய்க்கும். அமிலச் சூழலில் பதுங்கியிருப்பதைப் பைரசினமைடு பிடிக்கும். தூங்கித் தூங்கி நடுவில் கொஞ்சநேரம் கண் விழிக்கும் கூட்டத்தை, அந்தக் கொஞ்சநேரத்துக்குள் அமுக்கும் கைவேகம் ரிஃபாம்பிசினுக்கு உண்டு. இத்தாலிய ஆய்வகம் ஒன்று 1957-ல் பிரான்ஸ் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பொருளின் வாரிசு அது. பெயர் வந்தது 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திருட்டுப் படத்திலிருந்து. சிறுநீரைச் செம்மஞ்சளாக்கிவிடும் என்பதால், முதல் நாள் பார்ப்பவர் ரத்தம் என்று பயந்துபோவார். இவற்றைச் சேர்த்தபோது ஒன்றரை வருஷச் சிகிச்சை ஆறு மாதமானது.

ஆறு மாதமும் விடாமல் எடுத்தவர் குணமானார். நடுவில் விட்டவர்களிடமும், மருந்து அரைகுறையாகக் கிடைத்த நாடுகளிலும், கிருமி ஒவ்வொரு பூட்டாக மாற்றிக்கொண்டது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அசையாததைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள். பல கிருமிகள் எதிர்ப்பு மரபணுவை அக்கம்பக்கத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்கும். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சென்னை, ஹரியானா, பிரிட்டன் மருத்துவமனைகளில் அடையாளம் காட்டிய என்டிஎம்-1 அப்படிப்பட்ட மரபணு. காசக்கிருமி கஞ்சன், யாருக்கும் கொடுக்காது, யாரிடமும் வாங்காது. தன் பிசகுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேமிக்கும். அந்தச் சேமிப்பே போதுமாக இருந்தது.

அப்படிப்பட்ட நோயாளிக்குக் கிடைத்த சிகிச்சை கொடுமையானது. ஒன்றரை, இரண்டு வருஷம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள். மாதக்கணக்கில் தினமும் ஊசி. கானாமைசின் போன்ற அந்த ஊசி மருந்துகள் காதின் உள்ளே ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்களைக் கொல்லும். ஒருமுறை செத்தால் அவை திரும்ப முளைக்காது. உயிர் பிழைத்துச் செவிடானவர்கள் பலர். இத்தனைக்குப் பிறகும் குணமானவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான்.

சுழலியை நிறுத்துவது

பாபநாசம் நீர்மின் நிலையத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். மேலிருந்து வரும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் மின்சாரம். ஒவ்வொரு கிருமியின் சவ்விலும் இதேபோன்ற சக்கரங்கள் பதிந்திருக்கின்றன. தண்ணீருக்குப் பதில் புரோட்டான்கள் பாய்கின்றன. காசக்கிருமியில் ஒன்பது துண்டுகள் சேர்ந்த வளையம் சுற்றுகிறது. சுற்றச் சுற்ற உயிருக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு உருவாகிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுற்றுகிறது.

பெல்ஜியத்தில் கோன் ஆண்ட்ரீஸ் குழு, காசக்கிருமியின் தீங்கற்ற உறவுக்காரக் கிருமி ஒன்றை வைத்து ஏராளமான வேதிப்பொருள்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு பொருள் நன்றாகக் கொன்றது. எப்படிக் கொல்கிறது என்று தெரியவில்லை. அவர்கள் தப்பிப் பிழைத்த கிருமிகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்: எந்த எழுத்து பிசகியதால் நீ தப்பினாய்? மரபணுவை வாசித்தபோது பிசகு அந்தச் சுழல் வளையத்தில் இருந்தது. மருந்து போய் உட்காரும் இடம் அதுதான் என்று கிருமியே காட்டிக்கொடுத்துவிட்டது. 2005-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பே பெடாகுலின். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபோது, காசநோய்க்குப் புது வகை மருந்து வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

இந்த மருந்தின் வேகம் விசித்திரமானது. முதல் சில நாள் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். மின்சாரம் போன வீட்டில் இன்வர்ட்டர் கொஞ்சநேரம் விசிறியைச் சுற்றுமே, அதுபோலக் கிருமி இருப்பில் ஓடும். இருப்பு தீர்ந்ததும் அணையும். தூங்கும் கிருமிக்கும் மூச்சு ஓட ஏடிபி வேண்டும் என்பதால் அதுவும் அணையும்.

பழைய பாடத்தை யாரும் மறக்கவில்லை. பெடாகுலினைத் தனியாக அனுப்பக் கூடாது. 2019-ல் ஒப்புதல் பெற்ற பிரிட்டோமனிட் ஒரு துணை. இன்னொரு துணை லினசோலிட். புரதம் நெய்யும் தறியான ரைபோசோமில் போய்ச் சிக்கி நெசவை நிறுத்தும். அந்தத் தறியின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்குத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-ல் இருவரோடு நோபல் பகிர்ந்துகொண்டார். மூன்றும் மாத்திரை, ஊசி இல்லை, ஆறு மாதம். தென்னாப்பிரிக்காவில் வேறு வழியே இல்லாதிருந்த 109 பேருக்குக் கொடுத்ததில் 98 பேர் தேறினார்கள். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய இன்னொரு ஆய்வில் மாக்சிஃப்ளாக்சசினையும் நான்காவதாகச் சேர்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: புதிய நால்வரணியில் 89 சதவீதம் வெற்றி, பழைய சிகிச்சையில் 52.

லினசோலிட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கூடினால் ரத்தச் செல்கள் குறையும், கால்நரம்புகள் மரத்துப்போகும். எவ்வளவு குறைத்தால் பலன் கெடாமல் பாதிப்பு குறையும்? இந்தியாவில் சுமார் 400 நோயாளிகளை வைத்து இந்த அளவைத் தேடிய ஆய்வை நடத்தியது வேறு யாருமல்ல, அதே சேத்துப்பட்டு நிறுவனம். 2024 செப்டம்பரில் நால்வரணிச் சிகிச்சைக்கு இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

விலையும் ஒரு தடை. பெடாகுலின் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்ட மனுவை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் தள்ளுபடி செய்தது. எதிர்த்து வழக்காடியவர்களில் இரண்டு பெண்கள் முன்னால் நின்றார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் பழைய சிகிச்சையில் கேட்கும் திறனை இழந்தவர்கள். தங்களுக்குக் கிடைக்காத மருந்து அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள்.

அழுகிய கத்தரிக்காய்

பெடாகுலினுக்கும் எதிர்ப்பு தொடங்கிவிட்டது. சில கிருமிகள் பூட்டை மாற்றுகின்றன. சில, கிணற்றில் மோட்டார் வைத்து இறைப்பதுபோல மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. அடுத்தது என்ன?

ஒரு பதில் ஆர்ச்வேயிலிருந்து சில மைல் தெற்கே, குழந்தைகளுக்கான கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் இருக்கிறது. 2018-ல் அங்கே 15 வயதுச் சிறுமி ஒருத்தி நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பின் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். காசக்கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று எந்த மருந்துக்கும் அடங்காமல் உடலெங்கும் பரவியிருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் கிரஹாம் ஹாட்ஃபுல் ஃபேஜ்களைச் சேகரித்து வைத்திருந்தார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ். 1915-ல் லண்டனில்தான் ஃபிரெடரிக் ட்வோர்ட் அதன் தடயத்தை முதலில் பார்த்து எழுதினார். ஆயிரக்கணக்கான ஃபேஜ்களில் தேடி, மூன்றைப் பொறுக்கி, இரண்டைக் கொஞ்சம் திருத்தி, கலந்து அனுப்பினார்கள். மூன்றில் ஒன்றின் பெயர் 'மட்டி'. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் டர்பன் நகரில், அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயிலிருந்து 2010-ல் எடுத்தது. சிறுமியின் ஆறாத அறுவைப் புண் மூடியது; தோலில் எழுந்த கட்டிகள் வற்றின. கிருமி முற்றாக ஒழியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறினாள். அந்த மட்டி, காசக்கிருமியையும் ஆய்வகத்தில் கொல்கிறது.

ஏன் ஒன்றை அனுப்பாமல் மூன்றை அனுப்பினார்கள் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

வாயைத் திறந்து காட்டுவது

மறுபடியும் அந்தச் சமையலறை மேசைக்கு வருவோம். 2019-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 22 கிளினிக்குகளில் 226 நோயாளிகளை வைத்து ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். நேரில், கண்முன் மருந்து எடுக்கச் சொன்னவர்களில், முதல் இரண்டு மாதத்தில் ஐந்தில் நான்கு வேளைக்காவது தவறாமல் எடுத்தவர்கள் 31 சதவீதம். கைபேசி வீடியோவில் 70 சதவீதம். வேலைக்குப் போகும் அவசரத்தில் பஸ் பிடித்து வர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. சளியென்றால் முகம் சுளிக்கும் நம் ஊர் வழக்கம் விமானம் ஏறி இங்கேயும் வந்திருக்கிறது. அது தெரிந்தவர்களுக்கு இந்த மறைவின் அருமை புரியும். இந்த நாட்டில் காசநோய்ச் சிகிச்சைக்குக் காசும் கிடையாது, விசாவும் பார்ப்பதில்லை. ஒருவருக்கு இலவசமாகக் கொடுப்பது ஊருக்கே காப்பு என்று அரசுக்குத் தெரியும்.

சேத்துப்பட்டில் கதவைத் தட்டி மாத்திரை எண்ணியவரும், இங்கே திரையில் வீடியோ பார்ப்பவரும் செய்வது ஒரே வேலை. நோயாளியை அவர்கள் சந்தேகிக்கவில்லை. பெருக்கல் கணக்கில் ஒரு எண் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய நூற்றெண்பது வீடியோ. கடைசி வீடியோவிலும் அதே மேசை, அதே டம்ளர். எடை கொஞ்சம் கூடிய முகம். விழுங்கியாயிற்று, வாயைத் திறந்து காட்டுகிறார். நாக்கின் மேலும் இல்லை, அடியிலும் இல்லை. எங்கோ உள்ளே, இந்நேரம் கோடியாகப் பெருகியிருக்க வேண்டிய அந்த ஒன்றும் இல்லை.